பதினாறாம் நம்பர் ஸ்டாம்ப்

ஒரகடத்தில் பிளாஸ்டிக்குக்குக் குரோம் பூசும் அந்தக் கம்பெனியில், செந்தாமரையின் கண்ணுக்குத் தப்பி ஒரு புள்ளிகூட வெளியே போனதில்லை என்பார்கள். கொஞ்சம் மிகைதான். ஒன்றிரண்டு போயிருக்கும். ஆனால் அவள் காதுபட அதைச் சொல்லிவிட்டால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டாள்.

காரின் முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு பளபளக்கிறதே கிரில், அதை இரும்பு என்று நம்பித் தட்டிப் பார்ப்பவர்கள் பாவம். அத்தனையும் பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கில் கரண்ட் பாயாது. அதனால் முதலில் அமிலத்தில் முக்கிக் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழவைக்க வேண்டும். அந்தக் குழிகளைப் பிடித்துக்கொண்டு நிக்கல் உட்காரும். அதன்மேல் செம்பு, மறுபடி நிக்கல், கடைசியில் மூச்சுக்காற்று பட்ட மாதிரி மெல்லிசாகக் குரோம். இத்தனை தொட்டியிலும் முங்கி எழுந்து கிரில் வந்து சேருவது செந்தாமரையின் மேஜைக்கு. தலைக்கு மேல் வரிசையாக டியூப் லைட். கிரில்லைச் சாய்த்தால் வெளிச்சக் கோடு அதில் ஓடும். நேராக ஓடினால் சரக்கு சரி. எங்காவது நெளிந்தால் தூக்கி ஓரம் வைத்துவிடுவாள்.

பக்கத்து ஊரான வல்லம் வடகாலைச் சேர்ந்த அவள் ஒன்பது வருஷமாகக் கான்ட்ராக்டில்தான் இருந்தாள். கான்ட்ராக்ட் ஆளுக்கு, பார்த்தாயிற்று என்று பெட்டிச் சீட்டில் குத்தும் நம்பர் ஸ்டாம்ப் கிடையாது. பார்ப்பது செந்தாமரை, குத்துவது பக்கத்து மேஜை சசிரேகாவின் நம்பர். என்ன நியாயமோ. "எனக்குனு ஒரு நம்பர் வேணும் சார்" என்று குவாலிட்டி மேனேஜர் ஜெபகுமாரிடம் கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அந்த வருஷம் ஒரு வழி பிறந்தது. புதுக் கார் ஒன்றின் கிரில் ஆர்டர் கிடைத்தால் அந்த லைனுக்குப் பர்மனென்ட் ஆள் எடுப்பார்கள், முதல் பெயர் அவளுடையது.

ஆயுத பூஜை வந்தது. ஃபிட்டர்கள் ஸ்பேனரைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஜெபகுமார் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவரும் பூச்சின் கனம் பார்க்கும் மீட்டரைக் கொடுத்துவிட்டுப் பொரிகடலைக்குக் காத்திருந்தார். செந்தாமரை எதை வைப்பாள்? கண்ணைப் பிடுங்கியா வைக்க முடியும்? சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள். கிரில்லை மாட்டித் தொட்டியில் இறக்கும் சட்டங்களுக்கு ஜிக் என்று பேர். நாற்பது ஜிக்குக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று எனப் பொட்டு வைத்துவிட்டாள். மறுநாள் வேலை தொடங்கும்போது முன்பக்கத்தைத் துடைத்தார்கள். பின்பக்கம் யாருக்கும் ஞாபகமில்லை, அவளுக்கும்தான்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை கார் கம்பெனியிலிருந்து சாம்பிள் பார்க்க வருவதாக இருந்தார்கள். அதில் தேறாவிட்டால் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும். புதன்கிழமை கிரில்லெல்லாம் புள்ளியோடு வெளியே வந்தன. தடவினால் மணல் நெருடுவது போல இருந்தது. ஜெபகுமார் பிளாஸ்டிக் வார்த்துக் கொடுக்கும் கம்பெனிக்குக் காரசாரமாக மெயில் போட்டார், கார் கம்பெனிக்கும் ஒரு காப்பி வைத்து. அன்று மத்தியானமே புதுச் சரக்கு வந்தது, அதிலும் புள்ளி.

செந்தாமரை பன்னிரண்டு கிரில்லை வரிசையாக வைத்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில், மேல்பட்டையின் இடதுபக்கத்தில்தான் புள்ளி. ஒன்றைத் திரும்ப ஜிக்கில் மாட்டிப் பார்த்தாள். புள்ளிக்கு நேர்மேலே சட்டத்தின் பின்பக்கம் ஒரு சந்து இருந்தது. நகத்தை விட்டுச் சுரண்டினாள். மஞ்சளாக வந்தது. மூக்கருகே கொண்டுபோனாள், சந்தன வாசம்.

அப்போது அங்கே யாருமில்லை. துணியால் துடைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அந்த ஆசை அவளுக்கு வரத்தான் வந்தது, பொய் சொல்வானேன். ஆனால் தொட்டித் தண்ணீரிலும் சந்தனம் கலந்திருக்குமே. சொல்லாவிட்டால் தொட்டியை யார் வடிகட்டுவது? அவள் ஜெபகுமாரைத் தேடிப் போனாள்.

"சார், கோளாறு பிளாஸ்டிக்ல இல்ல. ஜிக்ல கீது."

"என்னம்மா சொல்லுதீங்க?"

நகத்தை நீட்டினாள். "சந்தனம். பின்னாடி சந்துல மாட்டிக்கினு கீது. தொட்டில ஊறி கிரில் மேல வுழுது."

"யாரு வச்சது?"

"நான்தான் சார். நாப்பதுக்கும் நான்தான் வெச்சேன்."

ஜெபகுமார் கோபக்காரர். ஆனால் அன்று கைக்கடிகாரத்தைத்தான் பார்த்தார். "மொதல்ல கழுவுவோம். மத்ததப் பொறகு பேசுவோம்" என்றார்.

நாற்பது ஜிக்கையும் செந்தாமரையே பிரஷ் வைத்துத் தேய்த்தாள். தொட்டிகளை வியாழன் முழுக்க வடிகட்டினார்கள். வெள்ளிக்கிழமை கார் கம்பெனியின் இன்ஜினியர் அறிவுமதி வந்து, சாம்பிளாக வைத்திருந்த இருபத்து நான்கு கிரில்லையும் டியூப் லைட்டில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். கோடு எங்கேயும் நெளியவில்லை.

"புதன்கிழமை புள்ளி இருக்குனு மெயில் போட்டிருந்தீங்களே. அது எதனாலனு யார் கண்டுபிடிச்சது?"

"இவங்கதான்" என்றார் ஜெபகுமார். செந்தாமரை தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். "தப்பு பண்ணினதும் இவங்கதான். யாரும் கேக்குததுக்கு முன்னால வந்து சொன்னதும் இவங்கதான்."

அறிவுமதி பேனாவை எடுத்தாள். "இந்த லைனுக்கு ஆள் எடுக்கும்போது இவங்களையே போடுங்க சார்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த ஆயுத பூஜையில் ஸ்பேனருக்கும் மீட்டருக்கும் நடுவே ஒரு சின்ன ரப்பர் ஸ்டாம்ப் உட்கார்ந்திருந்தது. நம்பர் பதினாறு.

"ஜிக்குக்குப் பொட்டு வைக்கலியாம்மா?" என்று ஜெபகுமார் சீண்டினார்.

"அதுங்களுக்கு ஒரு கும்புடு போதும் சார். இப்பதான் எனக்குனு ஒண்ணு கீதே."

கைப்பிடியில் மட்டும் சந்தனம் வைத்தாள். நம்பர் இருக்கும் முகத்தில் ஒரு துளியும் படவில்லை என்று டியூப் லைட்டில் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டாம்பைக் கீழே வைத்தாள்.