சம்பந்தி வீட்டில் படுக்காமல் ஐந்து இரவுகள்: சேலம், நாமக்கல், சேந்தமங்கலம்

எனக்கு வயது அறுபத்தொன்று. விருத்தாசலத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்ந்தவள். தனியாகக் காசிக்குப் போகிறேன் என்று சென்ற தை மாதம் வாய் திறந்தேன். தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருக்கும் என் மகன் சிரித்தான். "லீவு கிடைச்சதும் நானே கூட்டிட்டுப் போறேம்மா" என்றான். அந்த லீவு ஏழு வருஷமாகக் கிடைக்கவில்லை.

கடைசியில் ஒரு பந்தயத்துக்கு வந்தோம். சேலம் பக்கம் ஐந்து இரவுகள் நான் தனியாகத் தங்கிக் காட்ட வேண்டும். சேலத்தில் இருக்கும் அவன் மாமனார் வீட்டு வாசற்படியை ஓர் இரவு மிதித்தாலும் காசி இல்லை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். சம்பந்தி வீட்டில் எனக்கு அரை நாளே அதிகம். சரி என்றேன்.

மாசி இருபதாம் தேதி காலை ஏழேகாலுக்கு ரயில் ஏறினேன். மூன்றாம் வகுப்பு, ஒரு ரூபாய் ஒன்பதணா. பிற்பகல் ஒன்றரைக்குச் சேலம் டவுனில் இறங்கினால், சம்பந்தி அனுப்பிய வண்டிக்காரர் காத்துக்கொண்டிருக்கிறார். மகன் எனக்குத் தெரியாமல் கடிதம் போட்டிருக்கிறான். "ஏறுங்கம்மா, சமையல் ஆச்சு" என்றார் வண்டிக்காரர். அவர்மேல் என்ன தப்பு? வெற்றிலைக்கு ஓரணா கொடுத்து வெறும் வண்டியாகவே அனுப்பிவைத்தேன்.

பிறகுதான் ஆரம்பித்தது கூத்து. முதல் சத்திரத்தில், ஆண் துணை இல்லாத பெண்ணுக்கு அறை இல்லை என்றார்கள். இரண்டாவது சத்திரத்துக் கணக்கர் என் மூக்குக்கண்ணாடியைப் பார்த்து நாற்காலி போட்டார். ஆனாலும் அறை போடவில்லை. "ஊடு மாதிரி நெனைச்சுக்கங்க, ஆனா ராத்திரி தங்க முடியாதுங்க" என்றார். இவர் வீட்டில் ராத்திரி எல்லாரும் எங்கே போவார்களோ.

ஜட்கா பிடித்து ஜங்ஷனுக்குப் போனேன், ஆறணா. அங்கே பெண்கள் காத்திருக்கும் அறை நன்றாக இருந்தது. டிக்கெட் இருந்தால்தான் உள்ளே விடுவேன் என்றாள் ஆயா. மறுநாள் காலை வண்டிக்கு ஓமலூர் டிக்கெட் ஒன்று வாங்கினேன், மூன்றணா. சட்டப்படி நான் ஓமலூர்ப் பிரயாணி. என்னை யார் கிளப்ப முடியும்? விடிந்ததும், வாங்கிய டிக்கெட் வீணாகக் கூடாது என்று ஓமலூருக்கே போய், நாலு இட்லி தின்று, பஸ்ஸில் திரும்பினேன். இட்லி சுமார்தான்.

சேலத்திலிருந்து நாமக்கல் முப்பத்துமூன்று மைல், பஸ்ஸுக்குப் பதினொரு அணா. கோட்டைப் பாறையை ஏறிப் பார்த்தேன். முழங்கால் முணுமுணுத்தது, கேட்கவில்லை. குளத்தருகே ஒரு சத்திரத்தில் கேள்வி கேட்காமல் அறை கொடுத்தார்கள். சந்தோஷத்தில் கதவைப் பார்க்க மறந்துவிட்டேன். உள்ளே தாழ்ப்பாள் இல்லை. கூடத்தில் யார் யாரோ சீட்டாடினார்கள். பெட்டியைக் கதவுக்கு அண்டக்கொடுத்து அதன்மேலேயே உட்கார்ந்திருந்தேன். போதாததற்கு மூட்டைப்பூச்சி வேறு.

காலையில் தோற்றுவிட்டதாகவே நினைத்தேன். சம்பந்திக்கு ஒரு கார்டு எழுதினேன்: வண்டி அனுப்பவும். அதைத் தபால்பெட்டியில் போட பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

அங்கே ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள், தலையில் மூட்டையுடன் கண்டக்டரைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் துணை யாரும் இல்லை. துணை எங்கே என்று ஒருவரும் அவளைக் கேட்கவும் இல்லை. எனக்குச் சுரீர் என்றது. நம்மைப் போன்ற வீடுகளில்தான் தனியாகப் போகும் பெண் அதிசயம். உழைக்கிற பெண்கள் காலம்காலமாகத் தனியாகத்தான் போய் வருகிறார்கள். அவர்கள் எங்கேயோ படுத்துத்தானே ஆக வேண்டும்?

கிட்டப்போய்க் கேட்டேன். "ஏம்மா, தனியா போறீங்களே, ராத்திரி எங்கே தங்குவீங்க?"

"சேந்தமங்கலத்துல புளி மண்டிலதானுங்க. மாசி பொறந்தா பங்குனி முடியற மட்டும் அங்கதானுங்க."

"எனக்கும் இடம் கொடுப்பாங்களா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கை இருக்குதில்லீங்க? அப்பறம் என்னுங்க. வாங்க."

கார்டைக் கிழித்துப் போட்டேன். ஏழு மைல், இரண்டரை அணா.

கொல்லிமலை அடிவாரத்துப் புளியெல்லாம் வந்து சேரும் மண்டி அது. ஓட்டுக் கொட்டகைக்குள் முப்பது பெண்கள் உட்கார்ந்து புளியைத் தட்டிக் கொட்டை எடுக்கிறார்கள். வெளியூர்க்காரிகள் பருவம் முடியும்வரை அங்கேயே தங்கல். நடத்துபவளும் என்னைப் போலப் புருஷனை இழந்தவள். என் வயதுதான் இருக்கும். அவள் கேட்டது ஒரே கேள்வி, எந்த ஊர் என்று. பிறகு கணக்காகச் சொன்னாள்:

"காசெல்லாம் வேண்டாமுங்க. சாயங்காலம் ரெண்டு மணி நேரம் புளி தட்டோணுங்க. ஆம்பளைங்க வாசல்ல இருக்கற தராசைத் தாண்டி உள்ள வரப்படாது. கதவுக்கு உள்தாழ்ப்பா இருக்குதுங்க. போதுங்களா?"

போதுமா என்றா கேட்கிறாள்! முதல் நாள் என் கட்டைவிரலையே இரண்டு தரம் தட்டிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவள் "டீச்சரம்மா, புளியத் தட்டுங்க" என்று சொல்ல, கொட்டகையே சிரித்தது. இரண்டாம் நாள் ஒரு கூடை முடித்தேன். பகலில் அடிவாரம்வரை நடந்தேன், சந்தை பார்த்தேன், கம்மங்களி தின்னப் பழகினேன். வீட்டில்கூட அப்படி நான் தூங்கியதில்லை.

பயணத்தின் ஐந்தாம் நாள் சாயங்காலம் மகன் வந்து நின்றான். நான் வீட்டுக்கு வரவில்லை, எங்கே தங்கியிருக்கிறேன் என்றும் தெரியவில்லை என்று சம்பந்தி தந்தி கொடுத்துவிட்டாராம். சத்திரம் சத்திரமாக விசாரித்து, கண்டக்டர் சொல்லி வந்திருக்கிறான். முகம் வெளுத்திருந்தது.

"எங்கம்மா உள்ளே இருக்காங்களா?"

"இருக்கறாங்க சாமி" என்றாள் மண்டிக்காரி. "கூடை முடியட்டும், வருவாங்க. தராசுக்கு அந்தப் பக்கமே நில்லுங்க."

அரை மணி நேரம் நின்றான். பெற்ற மனம் அடித்துக்கொண்டது, உண்மை. ஆனாலும் கூடையை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

என்னைக் கண்டதும் கோபிக்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை. "ராத்திரி நான் எங்கேம்மா தங்கறது?" என்று கேட்டான், என்னிடம். நாமக்கல் சத்திரத்துக்கு அனுப்பினேன். காலையில் கழுத்தைச் சொறிந்துகொண்டே வந்தான்.

தனியாகக் கிளம்ப நினைக்கும் என் வயதுப் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். அறையைப் பார்க்குமுன் கதவைப் பாருங்கள். உள்தாழ்ப்பாள் இல்லையேல் பெட்டியை இறக்க வேண்டாம். பகல் மூன்று மணிக்குள் இடம் முடிவாக வேண்டும். சத்திரத்துக் கணக்கரைக் கேட்காதீர்கள். மூட்டை சுமந்து தனியாக வரும் பெண்ணைக் கேளுங்கள். அவளுக்குத் தெரியாத நல்ல இடம் அந்த ஊரில் இல்லை. வேலை செய்யச் சொன்னால் செய்யுங்கள், ஆனால் விரலில் கீறல் இருந்தால் புளி பக்கம் போக வேண்டாம். எரிச்சல் மூன்று நாள் நிற்கும். மொத்தச் செலவு எனக்கு ஏழு ரூபாய்க்குள் அடங்கிவிட்டது.

திரும்பும் ரயிலில் ஆத்தூர் வரை மகன் சொறிவதை நிறுத்தவில்லை. பிறகு, "காசிக்கு எப்பம்மா கிளம்பறே?" என்றான்.

"ஐப்பசியில்."

சின்ன சேலம் தாண்டியதும் மெதுவாகக் கேட்டான்: "நானும் வரட்டுமா? லீவு கிடைக்கும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.