மூச்சைப் பார்த்து ஆடியவர்கள்

நான் சொல்லிக்கொடுக்காத ஒன்றை என் மகள் யாரிடம் கற்றுக்கொண்டாள்?

நான் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது, கொழும்பில் நவீன நடனங்களை உருவாக்கிக்கொண்டிருந்த சித்தி விடுமுறைக்குப் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார். பள்ளி விழாவுக்காக எங்கள் ஐந்து பேரை வைத்து ஒரு நடனம் அமைத்தார். அதில் பாட்டும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. ஒன்றாக மூச்சை இழுத்தால் கை எழும். விட்டால் கால் நகரும்.

கொழுந்தெடுக்கப் போகும் வழியில் அம்மா நின்று பார்ப்பார்.

"மூச்சு விடத்தானாடி கொழும்புக்குப் போயி படிச்ச?"

"ஆமாக்கா. இன்னும் ஒழுங்கா வர மாட்டேங்குது."

காலைக் குளிரில் மைதானத்தில் பழகினோம். ஐந்து வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் புகை கிளம்பும், நாங்களும் நகர்வோம். கொழும்பில் பெரியவர்களுக்கே இது சீக்கிரம் வராது என்று சித்தி பூரித்துப்போனார். எனக்கோ பயம். பிழைவிட்டால் விலக்கிவிடுவாரோ என்று, பக்கத்தில் நிற்பவளின் வாயிலிருந்து கண்ணை எடுக்கவே மாட்டேன்.

விழாவுக்கு முதல் நாள் மண்டபத்துக்குள் போனோம். நாற்காலி போட வந்தவர்களால் உள்ளே கதகதப்பாக இருந்தது. சித்தி தொடங்கச் சொன்னார். ஒருவரும் அசையவில்லை.

"என்ன பாப்பா, ஏன் நிக்கிற?"

"புகை வரல சித்தி" என்று அழுதுவிட்டேன்.

சித்தி தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்.

"நான்தான் மக்கு! நீங்க மூச்சக் கேக்குறீங்கன்னுல்ல நெனச்சேன். பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க!"

உடனே எங்களை இரண்டிரண்டு பேராக, முதுகோடு முதுகு ஒட்டி உட்காரவைத்தார். மிஞ்சி நின்ற எனக்குச் சித்தியின் முதுகு கிடைத்தது. கண்ணை மூடச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அவர் விலா விரிவதும் என் விலா விரிவதும் ஒன்றாகிவிட்டன.

மறுநாள் மேடையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆனாலும் ஒன்றாகவே நகர்ந்தோம். முன்வரிசையில் இருந்த அம்மாவும் எங்களோடு சேர்ந்து மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார்.

அது அந்த விழாவோடு முடிந்துவிட்டதென்றுதான் அன்று நினைத்தேன்.

இப்போது என் மகள் முன்பள்ளிக் கலைவிழாவுக்குப் பழகுகிறாள். டீச்சர் "ஒன்று, இரண்டு" என்று எண்ணுகிறார். இவளோ பக்கத்துப் பிள்ளை மூச்சு இழுக்கும்வரை காத்திருந்து, பிந்தித் தொடங்குகிறாள். பின்வரிசைக்கு மாற்றட்டுமா என்று டீச்சர் கேட்கிறார். நான் இவளுக்கு ஒன்றுமே காட்டியதில்லை. என் முதுகில் முதுகை ஒட்டிக்கொண்டு தூங்குவாள், அவ்வளவுதான்.

எண்ணிக்கையைக் கேட்டு ஆடு என்று சொல்வதா, அப்படியே விடுவதா? பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள். விழாவுக்கு இன்னும் ஒரு கிழமை, ஏழே நாள்தான் இருக்கிறது.