எதிர்வீட்டு நிழல்

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் எங்கள் ஒழுங்கை, சென்ற வைகாசியில் ஒரு நாள், வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த தீர்மானம் ஒன்றை எடுத்தது. செத்த வீட்டுக்கு வருவோர் அமரும் கதிரைகள் எதிர்வீட்டு விறாந்தையில் போடப்படும். சபாரத்தினம் காலமான செய்தி எனக்கு எட்டியது இந்தத் தீர்மானத்தின் வழியாகத்தான். கதிரை தூக்கிப் போனவரிடம் காரணம் கேட்டேன்.

"இப்ப வைகாசியெல்லோ," என்றார்.

சபாரத்தினத்தை அறிந்தவர்களுக்கு அந்த விளக்கம் போதும். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் கந்தோரில் அவர் வரைபடம் கீறினார். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் வடக்கைக் காட்டும் அம்புக்குறியை அவர் போட்ட பிறகே துரை கையெழுத்து வைப்பார். ஆனால் கொட்டாஞ்சேனையில் அவர் குடியிருந்த வீடு மேற்குப் பார்த்தது. பின்னேர வெயில் படுக்கையறை வரை வரும். அவர் மனைவி மனோன்மணிக்குத் தலையிடி வரும். இனி எடுக்கும் வீட்டிலும் வெயில் என்றால் யாழ்ப்பாணம் போய்விடுவேன் என்று மனோன்மணி சொல்லிவிட்டார்.

உலக யுத்தத்துக்கு முந்திய மார்கழியில் சபாரத்தினத்தோடு நானும் வீடு பார்க்க அலைந்தேன். வீட்டுக்காரர்கள் கிணற்றையும் குசினியையும் காட்டுவார்கள். அவர் பின்னேரம் மூன்று மணிக்கு, காய்ச்சல்காரனைத் தொட்டுப் பார்ப்பதுபோல, முன்சுவரில் புறங்கையை வைத்து நிற்பார். கடைசியில் எங்கள் ஒழுங்கையில் வடக்குப் பார்த்த வீடொன்றின் சுவர் குளிர்ந்திருந்தது. எதிரே, தெற்குப் பார்த்த வீட்டின் விறாந்தையில், இரும்புக்கடை காசிம் நானா வியர்த்துக்கொண்டிருந்தார். சபாரத்தினம் அவரை இரக்கத்தோடு பார்த்தார்.

சித்திரையில் சூரியன் வடக்கே நகர்ந்தது. கொழும்பில் அது வருடா வருடம் செய்வதுதான். வெயில் சபாரத்தினத்தின் வீட்டுக்குள் வந்தது. காசிம் நானா நிழலில் இருந்தார். மனோன்மணி தகரப் பெட்டியில் சேலைகளை அடுக்கினார்.

"வடக்கை நான் சரியாத்தான் பிடிச்சனான்," என்றார் சபாரத்தினம்.

"உங்கட உத்தியோகம் என்ன எண்டு ஊரில ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்," என்றார் மனோன்மணி.

பெட்டி வாசலுக்கு வந்தபோது காசிம் நானா எதிரிலிருந்து குரல் கொடுத்தார். "தங்கச்சி, ஆவணி வரைக்கும் பின்னேரத்துல இங்க வந்து இரிங்க. பொறகு நாங்க அங்க வாறோம்."

மனோன்மணி சற்று யோசித்தார். பிறகு பெட்டியோடேயே ஒழுங்கையைக் கடந்தார்.

அன்றிலிருந்து இரண்டு குடும்பமும் நிழலைப் பின்தொடர்ந்தன. பக்கம் மாறும் நாளைச் சபாரத்தினம் நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்துவைப்பார். வீடு தேடும் எல்லோருக்கும் அவர் சொன்னது ஒன்றுதான்: "எதிர்வீட்டையும் பாத்துட்டு எடுங்கோ."

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சொல்லும், சுவரைக் கண்டால் புறங்கையை வைக்கும் பழக்கமும்தான். மனோன்மணியின் தகரப் பெட்டி இன்னும் காசிம் நானாவின் விறாந்தையில் கிடக்கிறது. அதன்மேல் இரண்டு பேர் உட்காரலாம்.