சட்டைப்பையில் இருந்த பொட்டலம்

2023 ஜூன் 10, சனிக்கிழமை மாலை நாலேகால் மணிக்குச் சுடலையாண்டி முதன்முதலாகக் கெசியாவின் கடைக்குள் வந்தார். திருநெல்வேலி டவுணில், ரத வீதியை ஒட்டிய சந்தில், கெசியாவும் அவள் கணவன் மணிராஜும் வீடியோ கேம் கடை வைத்திருந்தார்கள். கடைக்கு ஆள் சேர்த்ததே ஒரு பழைய ஆர்கேட் பெட்டிதான். அதில் ஒரு சிப்பாய் மேடைக்கு மேடை தாவிச் சுட்டுக்கொண்டே ஓடுவான். காடும் பாலமும் பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். உள்ளிருக்கும் சர்க்யூட் பலகை களவுபோனால் வேறு கிடைக்காது. பெட்டி போனால் கடையும் போயிற்று. ஆகவே பெட்டியின் பின்கதவை நெருங்கும் எவரையும் கெசியா நம்புவதில்லை.

சுடலையாண்டி பேட்டையில் மைக் செட் பழுது பார்ப்பவர். கோயில் கொடை விழாக்களில் ஒலிபெருக்கிக்கு அருகே நின்று நின்று ஒரு காது மந்தம். சனிதோறும் வந்து ஒரு டோக்கன் வாங்குவார். ஆடுவதற்கு முன், மற்றக் காதைப் பெட்டியின் முதுகில் வைத்துக் கேட்பார்.

“என்ன அண்ணாச்சி, பெட்டி ரகசியம் பேசுதோ?”

“இரையுது தாயி. பாலம் வாரப்பல்லாம் படம் உருளுதுல்லா? பின்னால திறந்து பாக்கட்டுமா?”

“ஒம்ம சோலியப் பாரும்.”

அன்றே பின்கதவுத் திருகாணிகளின்மேல் சாக்பீஸால் கோடிழுத்து வைத்தாள். மூன்றாம் சனிக்கிழமை அந்தக் கோடு கலைந்திருந்தது. நாலேகாலுக்கு வந்த சுடலையாண்டியின் சட்டைப்பை புடைத்திருந்தது.

“பையில என்னவே? எடும்!”

அவர் எடுக்குமுன் அவளே பிடுங்கினாள். காகிதப் பொட்டலத்துக்குள் தலை வீங்கிய ஒரு சிறு உருளை. ஆடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“களவாணி! எம் பெட்டியில உள்ளதுல்லா இது?”

“ஆமா, ஒம் பெட்டியில உள்ளதுதான். உப்பிப் போன கெப்பாசிட்டர். புதுசு போட்டாச்சு. கழத்துன சாமான உடையவங்க கண்ணுல காட்டாம நான் எறிய மாட்டேன். ஓட்டிப் பாரு.”

ஓட்டினாள். பாலம் வந்தது, படம் உருளவில்லை.

“யாரு கதவத் திறந்து விட்டா?”

மணிராஜ் தலையைச் சொறிந்தான். “நாந்தான். நீ பாளையங்கோட்டை போயிருந்தப்ப. சொன்னா வைவேன்னு...”

“நான் அவரு பையப் பிடுங்குதப்ப வாயில கொழுக்கட்டையா?”

சுடலையாண்டி ஒரு டோக்கன் வாங்கிக்கொண்டார். “பாலத்தத் தாண்டணும் தாயி. எனக்கு அவ்வளவுதான் வேணும்.” தாண்டினார், அடுத்த மேடையிலேயே செத்தார்.

அன்று மாலை கெசியா திருகாணிகளில் மறுபடியும் கோடிழுத்தாள், இம்முறை மணிராஜுக்காக. எல்லார் முன்னும் களவாணி என்றவள், எல்லார் முன்னும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கடமைப்பட்டிருந்தாள். அந்த ஒரு சொல்லைச் சொல்லாமலே டோக்கனை எடுத்து நீட்டுவாள். சுடலையாண்டி இன்றும் சனிதோறும் வருகிறார். ஒரு டோக்கன் வாங்குகிறார். அந்தச் சொல்லை ஒருநாளும் அவளிடம் கேட்டதில்லை.