பானட்டில் பதிந்த மாங்காய்க் கரை

பெயிண்டில் கலக்கும் தின்னர் டப்பாவைத் திறந்தால் நன்றாகப் பழுத்த பூவன்பழ வாசனை வரும். பிள்ளைகளே, திருவொற்றியூரில் எங்கள் வீட்டை ஒட்டியிருந்த கார் ஷெட்டில் அந்த வாசனை எழுந்தால் அன்று ஞாயிற்றுக்கிழமை என்று அர்த்தம், ஏனென்றால் வாரமெல்லாம் லாரிகளுக்குப் பெயிண்ட் அடித்த என் நைனா, உங்கள் தாத்தா, அன்றுதான் தன் பழைய காரைக் கழற்றிப் போட்டு உட்காருவார்.

அக்காவை அந்தக் காரில்தான் பெண் அழைப்புக்குக் கூட்டிப்போவேன் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை; மறுநாள் சாயந்திரம் பெண் அழைப்பு, இன்ஜினை மூடும் பானட்டுக்குப் பெயிண்ட் அடிப்பது மட்டும் பாக்கி. எங்கள் பக்கம் மதியக் கடல்காற்று எழுவதற்குள் பெயிண்ட் அடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மணலும் கரித்தூளும் வந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால், அம்மாவின் பழைய சேலைகளை நனைத்துச் சுற்றிலும் திரையாகத் தொங்கவிட்டு, பறக்காமலிருக்கக் கீழ்முனையில் செங்கல் கட்டுவோம். அது என் பொறுப்பு. நானோ ஒரு சேலையின் செங்கல்லை அவிழ்த்துக்கொண்டு கிரிக்கெட் ஆடப் போய்விட்டேன்.

அன்று காற்று முன்னதாகவே வந்தது. சேலை பறந்து, ஈரம் காயாத பானட்டின்மேல் படுத்துக்கொண்டது. மெல்ல உரித்தால், கிரீம் கலர் பெயிண்டில் சேலைக் கரையின் மாங்காய்கள் வரிசையாகப் பதிந்திருந்தன.

"கல்லு எங்கடா?" என்றார் நைனா.

"ஸ்டம்பா கீது நைனா."

டப்பாவில் சொட்டுப் பெயிண்ட் இல்லை. "காயட்டும், தேய்ச்சிப் பாக்கலாம்" என்றவர் இரவு சரியாகச் சாப்பிடவில்லை.

விடிந்ததும் "வாட்டர் பேப்பர்" என்ற உப்புத்தாளை நனைத்து நானும் அவரும் தேய்க்க, பின்னாலேயே அம்மா கிழிந்த பனியனால் பாலிஷ் போட்டாள். மருதாணிக் கையோடு ஸ்டூலில் உட்கார்ந்த அக்கா, "அங்க ஒரு மாங்கா கீது பாரு" என்று ஏவிக்கொண்டிருந்தாள். தேய்க்கத் தேய்க்க மாங்காய்கள் போய், பானட்டில் வானம் தெரிந்தது. ஓரத்தில் ஒன்று மட்டும் அசையவில்லை. இன்னும் தேய்த்தால் பெயிண்ட் போய், பள்ளம் அடைக்க அடியில் பூசிய "பட்டி" பல்லிளிக்கும். நைனாவின் கை நின்றுவிட்டது.

"வுடு நைனா. நான் கரை வச்ச பொடவ கட்டிக்கினு வர்றப்ப, காரு மட்டும் மொட்டையா வரணுமா?" என்றாள் அக்கா.

நைனா சிரித்துவிட்டார். சாயந்திரம் கார் மண்டப வாசலில் நின்றதும், வந்தவர்களுக்கெல்லாம் பெண்ணுக்கு முன்னால் அந்த மாங்காயைத்தான் காட்டினார்.

இன்று அந்தக் கார் இல்லை, ஷெட் இருந்த இடத்தில் வாடகை வீடு நிற்கிறது, பூவன்பழ வாசனையும் போயிற்று. ஆனால் நீங்கள் இருவரும் பிறந்தபோது என் அம்மா அந்தச் சேலையில்தான் தூளி கட்டினாள். போய்ப் பெட்டியைத் திறந்து பாருங்கள், கரையில் மாங்காய்கள் இன்னும் கிரீம் கலரில் விறைத்துக்கொண்டு நிற்கும்.