பெரியம்மாவின் குரல் இரண்டு தடவை கேட்டது

என் பெரியம்மா ரயில்வே ஸ்டேஷனில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தெலுங்கு, இந்தி, இங்கிலீஷ் என்று மூன்றிலும் வண்டிகளை வரவேற்று வழியனுப்பியவர். சொந்தக்காரர்கள் அவருக்குக் கொடுத்த ஒரே பட்டம், "நீ மைக்ல பேசினா எந்த வண்டின்னே புரியாது." பிளாட்பாரக் கூரை குரலைக் குழப்பினால் அவர் என்ன செய்வார்?

தமிழ்ச் சங்க விழாவில் திரையிட அவரைப் பேட்டி எடுக்கும் வேலையை நானே வலியப் போய் வாங்கிக்கொண்டேன். அவர் மௌலா அலியில். நான் பக்கத்திலேயே மல்லாபூரில். ஆனால் பைக்கில் வித்தை காட்டியதில் என் காலில் மாவுக்கட்டு. அதனால் வீடியோ கால். "இந்த வாட்டியாவது தெளிவா கேக்கணும்ப்பா. ஒரு தடவைதான் பேசுவேன்" என்று சொல்லித்தான் உட்கார்ந்தார்.

பதிவைப் போட்டுக் கேட்டால், அவருடைய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னாலேயே அதன் நிழலும் பேசியது. பழைய பிளாட்பாரமேதான்.

ஒலி மேதையான நான் உடனே போன் போட்டு, உங்கள் ஹால் காலியாக இருப்பதுதான் காரணம் என்று தீர்ப்பு சொன்னேன். பாவம், ஜன்னல் பீரோ எல்லாவற்றிலும் குளிருக்குப் போர்த்தும் தடித்த ரஜாய்களைத் தொங்கவிட்டு, ஃபேனையும் நிறுத்தி, வியர்க்க வியர்க்க சோதனைக்கு ஒரு வீடியோ காலில் வந்தார். அப்போதும் எதிரொலி.

"பேசறப்ப என் குரலே எனக்குத் திரும்பி வருது. போன தடவையும் அப்படித்தான். நீதான் கிண்டல் பண்றேன்னு நெனச்சேன்."

என் குணம் அவருக்குத் தெரியும். ஆனால் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் குரல் அவருக்கே திரும்புகிறதென்றால், அது திரும்பும் இடம் என் வீடு. நொண்டிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். என் மனைவி அதே வீடியோ காலில் தன் போனிலும் சேர்ந்து, ஸ்பீக்கரை முழுசாக வைத்திருந்தாள். சுற்றிலும் பக்கத்து வீட்டுக்காரர்கள், மடியில் பூண்டு. போன தடவையும் இதே கூட்டம்தானாம். பெரியவர்கள் பேசினால் தனியாகக் காதில் மாட்டிக் கேட்பது எங்கள் வீட்டில் மரியாதை இல்லை. அந்த மரியாதைதான் என் மைக்குக்குள் புகுந்து திரும்பிப் போயிருக்கிறது.

பெரியம்மாவிடம் உண்மையைச் சொன்னேன்.

"அத்தனை பேரா கேட்டாங்க? புரிஞ்சுதாமா?"

"ஹவ், ஆமா பெரியம்மா. ஒரு வார்த்தை விடாம."

எழுந்து போய் ஃபேனைப் போட்டார். "ரஜாயெல்லாம் எடுத்துடறேன். மறுபடி எடு."

இந்த முறை சமையலறை ஸ்பீக்கர் ஊமை. நீங்களும் வாயை மூடினால் இன்னும் தெளிவாக இருக்கும் என்றாள் மனைவி. முடிவில் ஒரு அறிவிப்பைத் தமிழில் சொல்லச் சொன்னேன். வேலையில் இருந்த காலமெல்லாம் அவர் தமிழில் அறிவித்ததே இல்லை.

விழாவில் அந்தக் குரல் கண்ணாடி மாதிரி ஒலித்தது. பட்டம் கொடுத்தவர்களில் ஒருவரான மாமா எழுந்து, "சென்னை வண்டி, ஒண்ணாவது பிளாட்பாரம். சரிதானேம்மா?" என்றார்.

பெரியம்மா தலையை மட்டும் அசைத்தார். பக்கத்தில் நான், தண்டவாளமே நான் போட்டதுதான் என்பது போல, மாவுக்கட்டை நீட்டி உட்கார்ந்திருந்தேன்.