விளக்கைக் கூட்டினால் குளிரும் பெட்டி

டீமேக்கர் மரியரட்ணத்தின் குவாட்டர்ஸில் ஒரு மண்ணெண்ணெய் பிரிட்ஜ் இருக்கிறது. திறந்து பார்த்தால் உள்ளே மடித்த சட்டைகளும், பூசைக்குப் போகும் கறுப்புக் கோட்டும்தான். அடியில் விளக்கு எரிந்த இடத்தில் ஒரு சோடிச் சப்பாத்து. யாராவது அவருக்குத் தயிர் கொண்டுபோனால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார். மனுசனுக்குக் கிறுக்கு என்று தேயிலைத் தோட்டத்தில் பேசிக்கொள்வார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன, வாய் சும்மா இருக்காது.

இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கத்தில் தன்னைப் போலத் தேயிலை வறுக்க ஆளில்லை என்று அவரே சொல்லுவார். அதில் முக்கால்வாசி உண்மை. ஸ்டோரில், அதாவது தேயிலை அரைத்து வறுக்கும் கட்டடத்தில், அடுப்பின் சூட்டைப் புறங்கையை நீட்டியே சொல்லிவிடுவார். குடி கிடையாது, ஊதாரித்தனம் கிடையாது, பெண்டாட்டி மேல் உயிர். கோளாறு ஒன்றே ஒன்றுதான். அவர் செய்ததில் யாராவது குறை சொன்னால் முகம் சுண்டிப்போகும். கத்தமாட்டார், ஏசமாட்டார், பேச்சை நிறுத்திவிடுவார். கத்துகிறவனோடு குடும்பம் நடத்திவிடலாம். இப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறவனோடு நடத்துவது பெரும்பாடு. அனுப்பிய தேயிலை நன்றாக இல்லை என்று கொழும்பிலிருந்து சொல்லி வந்தால், அந்த வாரம் முழுக்க ஸ்டோரே வாயைப் பொத்திக்கொண்டு நடக்கும்.

மனைவி டோரீனுக்கு இளவயதிலேயே சீனி வியாதி. தினமும் காலையில், அவர் ஸ்டோருக்குப் போன பிறகு, கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைத்துத் தானே தொடையில் குத்திக்கொள்வாள். அந்த இன்சுலின் மருந்தைக் குளிரான இடத்தில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். ஈர மணல் போட்ட மண்சட்டியில் போத்தலைப் புதைத்து, சமையலறை மூலையில் வைத்திருந்தாள். அந்த மலைக்கு அதுவே போதும். அப்படியே பல வருசம் ஓடியது.

ஒரு வருசம் அந்தோனியார் திருநாளில் கோயில் வாசலில் ஐஸ்பழக்காரன் மணியடித்துக்கொண்டிருந்தான். சின்னது பெரியது என்று எல்லாரும் ஆளுக்கொன்றைச் சூப்பிக்கொண்டு நின்றார்கள். டோரீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியில், "ஒன்னே ஒன்னு திங்கணும்னு ஆசையாத்தாங்க இருந்துச்சு," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மரியரட்ணத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை.

எழுபத்தைந்தில் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போயின. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரப் பெரிய துரை தட்டுமுட்டுச் சாமான்களை விற்றுவிட்டுச் சீமைக்குக் கிளம்பினார். மரியரட்ணம் அந்த மண்ணெண்ணெய் பிரிட்ஜை வாங்கி, ஆள் வைத்து பங்களா மேட்டிலிருந்து இறக்கினார். அடியில் விளக்கு எரியும், மேலே ஐஸ் உறையும். திரியைக் கூட்டக் கூட்டக் குளிரும் கூடும். ஆயுசு முழுக்கச் சூட்டோடு மாரடித்த மனுசனுக்கு இது தாங்க முடியாத அதிசயம். "தீயக் கூட்டினா குளிருது பாரு, டோரீன்!" என்று சின்னப் பிள்ளை மாதிரிக் குதித்தார். மருந்துப் போத்தலை மண்சட்டியிலிருந்து தோண்டி எடுத்து, ஐஸ் பெட்டிக்கு நேர் கீழே, ராசா மாதிரி வைத்தார்.

பிறகு ஐஸ் செய்ய உட்கார்ந்தார். சீனி கூடாது, வெல்லப்பாணி கூடாது, வாழைப்பழமும் மாம்பழமும் கூடாது. துரை போன பிறகு பங்களாத் தோட்டத்தில் ஸ்ட்ரோபெரி கேட்பாரில்லாமல் பழுத்துக் கிடந்தது. அதை மசித்துத் தயிரில் கலந்து உறைய வைத்தார். கல்லாய் இறுகிவிட்டது. டோரீன் ஒரு கடி கடித்துப் பார்த்துச் சிரித்தாள். "சுத்தியல எடுத்துட்டு வாங்க!"

அவர் முகம் சுண்டியது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை வரைக்கும் பேச்சில்லை. டோரீன் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

ஆனால் மனுசன் விடவில்லை. தயிரை மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரை வடித்தார். ஏலக்காய் தட்டிப் போட்டார், எலுமிச்சைத் தோலைச் சீவிப் போட்டார், ஒரு கல் உப்பு. பாதி உறைந்ததும் வெளியே எடுத்து முள்ளுக்கரண்டியால் கிளறி, அலுமினியக் குவளைகளில் அடைத்து, ஈர்க்குச்சி குத்தி மறுபடி வைத்தார். இந்தத் தடவை வாயில் வைத்ததும் வெண்ணெயாய்க் கரைந்தது. புளிப்பும் வாசமுமாக அப்படி ஒரு ருசி. டோரீன் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். "எந்தத் திருநாள் ஐஸ்பழமும் இதுக்கு ஈடாகாதுங்க." அவர் சிரித்த சிரிப்பில் வீடே நிறைந்தது.

பனி மாதம் போய் வெயில் ஏறியது. டோரீனுக்குத் தாகம் எடுத்தது. "வறளுதுங்க, இன்னொன்னு குடுங்க," என்பாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. தன் கைப்பக்குவம்தான் அவளை இப்படிக் கேட்க வைக்கிறது என்று நினைத்தார். இன்னும் நிறையச் செய்தார். சீக்கிரம் உறையட்டும் என்று திரியை இன்னும் கூட்டினார். அவள் மெலிந்தாள். "மெலிஞ்சாலும் அழகாத்தான் இருக்கே," என்று கேலி செய்தார். அந்தக் கேலியை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

ஒரு காலையில் அவளால் எழும்ப முடியவில்லை. மூச்சில் அழுகிய பழ வாசம். தோட்ட லொறியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மருந்தை எங்கே வைத்திருந்தீர்கள் என்று டொக்டர் கேட்டார். "பிரிட்ஜில, டொக்டர். ஐஸ் பெட்டிக்கு நேர் கீழ. நல்லாக் குளிரும்," என்றார் மரியரட்ணம், கொஞ்சம் பெருமையாகவே. டொக்டர் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மருந்து திரைந்த பால்போல் கண்ணாடியில் ஒட்டியிருந்தது.

"இது உறைஞ்சு போயிருக்கு. உறைஞ்ச மருந்து, எளகினாலும் வேலை செய்யாது."

டோரீன் கண் திறக்கவில்லை. மறுநாள் போய்விட்டாள்.

மரியரட்ணம் விளக்கை அணைத்தார். இரவில் போத்தல் உறைந்து, விடிவதற்குள் தானாக இளகியிருக்கும், அவளுக்கும் தெரிந்திருக்காது என்றுதான் மனதைத் தேற்றிக்கொண்டார். இரண்டு பேருக்கும் தெரியாத குற்றம். அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருசம் ஸ்டோருக்குப் போய் வந்தார்.

எண்பத்தொன்றில் அழகம்மா விடைபெற வந்தாள். அந்த வீட்டில் டோரீனுக்குக் கூடமாட வேலை செய்தவள். அரசாங்க ஒப்பந்தப்படி குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறப் போகிறாள். கும்பிட்டுவிட்டுப் போகாமல் நின்றாள்.

"ஐயா, ஒன்னு சொல்லாமப் போனா கடல் தாண்ட முடியாதுங்க. அந்த மருந்துப் போத்தலு காலையில கல்லா இருக்குங்க. அம்மா உள்ளங்கையில வச்சு உருட்டி உருட்டி எளக வைப்பாங்க, அப்பறந்தான் ஊசி. ஐயாகிட்ட சொல்லுங்கம்மான்னேன்."

"என்ன சொன்னா?"

"வேணாம்னுட்டாங்க. 'மருந்து ஒறையுதுன்னா, தான் வச்சதுல குத்தம் சொல்றேன்னு நெனப்பாரு. மொகம் சுண்டிரும், அழகம்மா. எளகிட்டா மருந்து மருந்துதானே'ன்னாங்க. அதுல ஆபத்து இருக்கும்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியாதுங்கையா."

மரியரட்ணம் திரும்பி பிரிட்ஜைப் பார்த்தார். உறைந்த போத்தலைக் கைச்சூட்டில் உருட்டும் அந்த உள்ளங்கை கண்ணுக்குள் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திரியைக் குறைத்திருப்பார், போத்தலைக் கீழ்த்தட்டில் வைத்திருப்பார், டோரீன் இருந்திருப்பாள். அந்த ஒரு வார்த்தை அவர் முகத்தைப் பார்த்துத்தான் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

அழகம்மா பயந்துபோனாள். "எம் மேல கோவமாங்கையா?"

"இல்ல," என்றார் அவர். "நீயாவது எங்கிட்ட சொன்னியே."